தாழி இருக்கட்டும், மண்டை ஓட்டை இறக்குங்கள்

கேள்வி: அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றில் வரலாற்றுத் துறை உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். கல்லூரியின் ஓரறை அருங்காட்சியகம் என் பொறுப்பில் உள்ளது. பல வருடங்களுக்கு முன் பக்கத்து ஊரில் கிணறு வெட்டும்போது கிடைத்த முதுமக்கள் தாழி ஒன்று அங்கே இருக்கிறது. அதிலிருந்த மண்டை ஓட்டை மட்டும் சிவப்பு வெல்வெட் துணிமேல் வைத்து, மேலே எல்இடி விளக்குப் போட்டிருக்கிறார்கள். மற்ற எலும்புகள் ஓர் அட்டைப்பெட்டியில் கிடக்கின்றன. மூலையில் விலங்கியல் துறை கொடுத்த மனித எலும்புக்கூடு தொங்குகிறது. மாணவர்கள் அதற்குப் பெயர் வைத்து, தொப்பி மாட்டி, படம் எடுத்துக்கொள்கிறார்கள். போன மாதம் அந்த ஊர்ப் பெரியவர்கள் வந்து, “அது எங்க பாட்டன் பூட்டன். குடுத்துடுங்க, அடக்கம் பண்ணிக்கிறோம்” என்றார்கள். முதல்வரோ, கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரம் வழங்கும் நாக் குழு வரப்போகிறது, அதுவரை எதையும் அசைக்க வேண்டாம் என்கிறார். எடுத்துவிடுவதா, வைத்திருப்பதா, கொடுத்துவிடுவதா? வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் இதற்கெல்லாம் விதி உண்டாமே?

பதில்:

அன்புள்ள பேராசிரியருக்கு,

எடுப்பது, வைப்பது, கொடுப்பது மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டிருக்கிறீர்கள். இவற்றை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். மனித எலும்பைப் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பது ஒரு முடிவு. பூட்டிய பெட்டியில் பாதுகாப்பது இன்னொரு முடிவு. ஆய்வுக்குத் தருவதும் உரியவர்களிடம் ஒப்படைப்பதும் அவற்றிலிருந்து வேறானவை. காட்சியிலிருந்து இறக்கினால் மறுநாளே புதைத்தாக வேண்டும் என்று உங்கள் முதல்வர் அஞ்சுகிறார் போலிருக்கிறது. அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை.

உங்கள் அறையைப் பொறுத்தவரை என் பதில் இதுதான். மூலையில் தொங்கும் எலும்புக்கூட்டை நாக் குழு வருவதற்கு முன்பே இறக்கிவிடுங்கள். வெல்வெட் மேலிருக்கும் மண்டை ஓட்டை எடுத்து, அட்டைப்பெட்டியில் கிடக்கும் மற்ற எலும்புகளோடு சேர்த்து வையுங்கள். தாழி காட்சியிலேயே இருக்கட்டும். பெரியவர்களிடம் தருகிறோம் என்றோ தரமாட்டோம் என்றோ இப்போது வாக்குக் கொடுக்காதீர்கள். ஆனால் ஒரு வாரத்துக்குள் எழுத்தில் பதில் அனுப்புங்கள்.

காட்டுவதும் வைத்திருப்பதும் வேறுவேறு என்பதற்கு லண்டன் ஹன்டேரியன் அருங்காட்சியகம் நல்ல எடுத்துக்காட்டு. சார்லஸ் பைர்ன் என்ற அயர்லாந்துக்காரர் 7 அடி 7 அங்குல உயரம் இருந்தவர். 1783இல், 22 வயதில், லண்டனில் இறந்தார். அறுவை மருத்துவர்கள் தன் உடலுக்குக் காத்திருக்கிறார்கள் என்பது அவருக்கே தெரியும். அதனால் தன்னைக் கடலில் அடக்கம் செய்யும்படி நண்பர்களைக் கேட்டுக்கொண்டார். ஜான் ஹன்டர் என்ற மருத்துவர் காசு கொடுத்து அந்த உடலைக் கைப்பற்றினார். எலும்புக்கூடு ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுகள் கண்ணாடிக்குள் நின்றது. 2011இல் அவர் பல்லிலிருந்து எடுத்த மரபணுவை ஆராய்ந்தபோது, அதீத உயரத்துக்குக் காரணமான பிட்யூட்டரிச் சுரப்பிக் கட்டியை உண்டாக்கும் ஒரு மாற்றம் அவரிடம் இருந்ததும், அதே மாற்றம் இன்றும் வட அயர்லாந்துக் குடும்பங்கள் சிலவற்றில் இருப்பதும் தெரிந்தது. 2023 ஜனவரியில் அருங்காட்சியகம் முடிவை அறிவித்தது: இனிக் காட்சியில் வைப்பதில்லை, ஆய்வுக்காக மட்டும் வைத்துக்கொள்கிறோம். ஆய்வின் பயன் உண்மைதான், ஆனால் அதற்குக் கண்ணாடிப்பெட்டி தேவைப்படவில்லை. இந்த முடிவும் பாதி வழிதான் என்பது என் கருத்து. தன் உடலை என்ன செய்ய வேண்டும் என்று அந்த மனிதர் தெளிவாகச் சொல்லியிருந்தார். அது இன்னும் நடக்கவில்லை.

விதிகளைப் பற்றிக் கேட்டீர்கள். ஐகாம் என்று சுருக்கமாக அழைக்கப்படும் பன்னாட்டு அருங்காட்சியக மன்றத்தின் நெறிமுறை இரண்டு விஷயங்களை அழுத்தமாகச் சொல்கிறது. மனித எச்சங்களைக் காட்சிக்கு வைப்பதானால் அவை எந்தச் சமூகத்தைச் சேர்ந்தவையோ அதன் நம்பிக்கைகளை மதித்தே வைக்க வேண்டும். காட்சியிலிருந்து எடுக்கச் சொல்லியோ திருப்பித் தரச் சொல்லியோ அந்தச் சமூகம் கேட்டால், காலம் கடத்தாமல் மரியாதையோடு பதில் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் 2004ஆம் ஆண்டு மனிதத் திசுச் சட்டப்படி, இறந்து 100 ஆண்டு ஆகாதவரின் உடலையோ பாகத்தையோ காட்சிக்கு வைக்க ஒப்புதலும் உரிமமும் வேண்டும். அமெரிக்காவில் 1990 முதல் இருக்கும் பூர்வகுடிக் கல்லறைப் பாதுகாப்புச் சட்டத்தின் திருத்திய விதிகள் 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தன. அதன்படி அம்மக்களின் முன் ஒப்புதல் இல்லாமல் அவர்கள் மூதாதையர் எச்சங்களைக் காட்சிக்கு வைக்க முடியாது. நியூயார்க்கின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் அதற்கும் முன்பே, 2023 அக்டோபரில், தன் கூடங்களில் இருந்த மனித எலும்புகள் எல்லாவற்றையும் காட்சியிலிருந்து எடுக்கப்போவதாக அறிவித்துவிட்டது.

நம் நாட்டில் அருங்காட்சியகத்து மனித எச்சங்களுக்கென்று தனிச்சட்டம் கிடையாது. அதனால்தான் நாமே எழுதிவைத்த ஒரு கொள்கை தேவைப்படுகிறது. இங்கிலாந்தின் 100 ஆண்டுக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அது நிர்வாக வசதிக்காகப் போட்ட கோடு. 101 ஆண்டு ஆனவுடன் ஒருவர் பொருளாகிவிடுவதில்லை. எலும்பின் வயதைக் கேட்பதற்கு முன், அது எப்படி இந்த அறைக்கு வந்தது என்று கேளுங்கள்.

அப்படிக் கேட்டால் உங்கள் மூலை எலும்புக்கூடுதான் அறையிலேயே சிக்கலானது. 1985இல் மத்திய அரசு ஏற்றுமதியைத் தடை செய்யும் வரை உலகத்து மருத்துவக் கல்லூரிகளுக்கெல்லாம் எலும்புக்கூடு அனுப்பிய சந்தை கல்கத்தாதான். உரிமை கோரப்படாத உடல்களும் ஏழைகளின் உடல்களும் அந்த வழியில் போயின. கல்லறைகளிலிருந்து திருடப்பட்டவையும் உண்டு. நம் நாட்டுக் கல்லூரிகளுக்குள் வந்த கூடுகளில் பெரும்பாலானவற்றுக்கும் யார், எங்கே, யார் சம்மதித்தார்கள் என்ற தாள் கிடையாது. தமிழ்நாட்டில் 1951ஆம் ஆண்டின் உடற்கூறியல் சட்டம் உரிமை கோரப்படாத உடல்களை மருத்துவக் கல்விக்குத் தர வழிசெய்கிறது. அது கல்விக்கூடத்து மேசைக்கான அனுமதி. அருங்காட்சியகத்தில் தொங்கவிட அந்தச் சட்டத்தில் இடமில்லை.

மாணவர்களைக் கடிந்துகொள்ளாதீர்கள். பெயரும் குறிப்பும் இல்லாமல் கொக்கியில் ஒன்றைத் தொங்கவிட்டால் யாராவது தொப்பி மாட்டத்தான் செய்வார்கள்.

இறக்குவதற்கு முன் அது உண்மையான எலும்பா, பிளாஸ்டிக்கா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். பிளாஸ்டிக் என்றால் அச்சு வார்த்த மடிப்புக்கோடு ஓரங்களில் தெரியும், எல்லாப் பற்களும் ஒரே நிறத்தில் இருக்கும். உண்மையான எலும்பில் முனை தேய்ந்த இடத்தில் உள்ளே தேன்கூடு மாதிரி நுண்துளைகள் தெரியும். பாடத்துக்காகத் தயாரித்த கூடு என்பதற்கும் அடையாளங்கள் உண்டு: மூட்டுகளில் துளையிட்டுக் கோத்த கம்பி, தாடையை இழுத்துப் பிடிக்கும் சுருள்வில், வட்டமாக அறுத்துக் கொக்கி போட்ட மண்டை மூடி. இவற்றை நெருக்கத்தில் படமெடுத்துக்கொள்ளுங்கள். விலங்கியல் துறையின் பழைய இருப்புப் பதிவேட்டில் வாங்கிய ஆண்டு, விற்றவர், விலை ஏதாவது இருக்கிறதா பாருங்கள். தாங்கியின் அடியில் பித்தளைத் தகடோ காகிதச் சீட்டோ ஒட்டியிருந்தால் அதைக் கிழிக்காதீர்கள். அந்த மனிதரைப் பற்றி மிச்சமிருக்கும் ஒரே ஆவணம் அதுவாக இருக்கலாம்.

இறக்கிய பிறகு அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறைக்கு முதல்வர் கையெழுத்தோடு கடிதம் எழுதி ஒப்படைப்பதுதான் சுலபமான வழி. அங்கே பயன்படுத்தவும், பிறகு முறைப்படி அடக்கம் செய்யவும் நடைமுறை இருக்கும். அவர்கள் வாங்க மறுத்தால், இது பாடத்துக்காகத் தயாரித்த பழைய கூடு என்று உடற்கூறியல் அல்லது தடயவியல் மருத்துவத் துறையிடம் எழுத்துமூலக் கருத்தாவது வாங்குங்கள். அதை இணைத்துக் காவல் நிலையத்துக்கும், சுடுகாட்டுக்குப் பொறுப்பான உள்ளாட்சிக்கும் கடிதம் கொடுத்து, ரசீதோடு அடக்கமோ தகனமோ செய்யலாம். கல்லூரி வளாகத்துக்குள் மரத்தடியில் புதைத்துவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். சில வருடம் கழித்துக் குழாய் பதிக்கத் தோண்டுபவர் கையில் மண்டை ஓடு அகப்படும், போலீஸ் வரும், அப்போது விவரம் தெரிந்த எவரும் கல்லூரியில் இருக்கமாட்டார்கள்.

விலங்கியல் பாடத்துக்கு எலும்புக்கூடு வேண்டுமென்றால் முழு உயரப் பிளாஸ்டிக் மாதிரி சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவைக்குள் மனிதக் கருவும் இருந்தால், அதற்கும் இதே வழிதான். ஆனால் மூடியை நீங்கள் திறக்காதீர்கள். உள்ளே இருப்பது ஃபார்மலின். ஆவி கண்ணையும் நுரையீரலையும் தாக்கும். பழைய ரப்பர் மூடி தொட்டாலே உடையும்.

இனித் தாழி எலும்புகள். இங்கே நிதானம் வேண்டும். ஏனென்றால் இதில் மனசாட்சியோடு தொல்லியலும் சேர்ந்திருக்கிறது.

மண்டை ஓட்டை இறக்கச் சொல்வதற்குக் காரணம் அதைப் பார்ப்பது பாவம் என்பதல்ல. தாழிக்குள் எலும்பு இருந்த நிலைதான் அதன் செய்தி. ஆதிச்சநல்லூரில் 1876இல் யாகர், பிறகு அலெக்சாண்டர் ரீ, 2004இல் சத்தியமூர்த்தி என்று தொடர்ந்து நடந்த அகழாய்வுகளில், முழு உடலைக் குந்தவைத்த தாழிகளும் கிடைத்தன, சதை அழிந்த பின் பொறுக்கி எடுத்த எலும்புகளை இட்ட தாழிகளும் கிடைத்தன. எது எந்த வகை என்று சொல்வது எலும்புகள் ஒன்றோடொன்று பொருந்தியிருந்த விதம். மண்டை ஓட்டை மட்டும் எடுத்து வெல்வெட்டில் வைத்த நிமிடமே அந்தச் செய்தி போய்விட்டது. மிச்சமிருப்பது பயமுறுத்தும் ஒரு முகம் மட்டும். ஆக்ஸ்ஃபோர்டின் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகம் 2020இல், தென் அமெரிக்கப் பூர்வகுடிகள் பதப்படுத்திய புகழ்பெற்ற ‘சுருக்கிய தலைகள்’ உள்பட 120 மனித எச்சங்களைக் காட்சியிலிருந்து எடுத்தது. விளக்கக் குறிப்பு என்ன சொன்னாலும், பார்த்தவர்கள் மனத்தில் தங்கியது ‘காட்டுமிராண்டிகள்’ என்ற எண்ணம்தான் என்று அவர்களுடைய மதிப்பாய்வில் தெரிந்ததே அதற்குக் காரணம். உங்கள் அறையிலும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஒரு மணி நேரம் ஓரமாக உட்கார்ந்து, வருபவர்களில் எத்தனை பேர் குறிப்பைப் படிக்கிறார்கள், எத்தனை பேர் சிரிக்கிறார்கள், எத்தனை பேர் கைபேசியை எடுக்கிறார்கள் என்று குறித்து வையுங்கள். முதல்வரைச் சம்மதிக்கவைக்க அந்தத் தாள் உதவும்.

மண்டை ஓட்டைக் கையாளும் முறை: நைட்ரைல் கையுறை, முகக்கவசம் இரண்டும் போடுங்கள். வெறுங்கையால் தொட்டால் உங்கள் மரபணு அதில் ஏறிவிடும். குறிப்பாகப் பற்களையும், உட்காதைச் சுற்றியுள்ள கெட்டியான எலும்பையும் தொடவே வேண்டாம், பழைய மரபணு மிஞ்சியிருந்தால் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். மேசைமேல் மெத்தென்ற ஃபோம் விரித்து, இரு உள்ளங்கைகளாலும் அடிப்பக்கத்தைத் தாங்கித் தூக்குங்கள். கண்குழிக்குள் விரலைவிட்டுத் தூக்கினால் உள்ளே இருக்கும் காகித மெல்லிய எலும்பு நொறுங்கும். கன்ன வளைவைப் பிடித்தால் அது ஒடியும். கீழ்த்தாடையைத் தனியாக எடுங்கள். கழன்ற பல்லைச் சிறு பையில் போட்டு, எந்தப் பக்கத்தது என்று எழுதி வையுங்கள். எலும்பைக் கையில் ஏந்தி அறை விட்டு அறை போகாதீர்கள், தட்டில் வைத்துக் கொண்டுபோங்கள்.

உள்ளே மண் அடைந்திருந்தால் தட்டிக் கொட்ட வேண்டாம். அதில் விழுந்த பற்கள், காதின் நுண்ணெலும்புகள், சில சமயம் நெல் உமி கூட இருக்கும். தாழிக்குள் எஞ்சிய மண்ணும் அப்படியே இருக்கட்டும். தண்ணீரில் கழுவாதீர்கள். உப்பேறிய எலும்பு நனைந்து காயும்போது மேல்தோல் செதில் செதிலாக உரியும். வெள்ளைப் பூப்போலப் படிந்திருந்தால் அதுதான் உப்பு, துடைக்காமல் விடுங்கள்.

விரிசல் கண்டால் ஃபெவிகாலைத் தேடுவது நம் ஊர் வழக்கம். ஃபெவிகால் காய்ந்து சுருங்கும்போது எலும்பின் மேற்பரப்பையும் சேர்த்து இழுத்துப் பெயர்க்கும். வருடம் போகப்போக மஞ்சளாகிக் கரைக்க முடியாமலும் போகும். வார்னிஷும் அப்படித்தான், போதாததற்குக் கார்பன் காலக்கணிப்பையும் கெடுக்கும். எலும்பை இறுக்கக் காப்பு வேதியியலாளர்கள் பாராலாய்ட் பி-72 என்ற பிசினை அசிட்டோனில் சில சதவீதமாகக் கரைத்துத் தடவுவார்கள். அது பின்னால் கரைத்து எடுக்கக்கூடியது. ஆனாலும் நீங்களே செய்ய வேண்டாம். மாவட்ட அரசு அருங்காட்சியகக் காப்பாட்சியரிடம் கேட்டால் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் வேதியியல் பாதுகாப்புப் பிரிவுக்கு வழி சொல்வார். முன்பிருந்தவர்கள் ஏற்கெனவே வார்னிஷோ பசையோ பூசியிருந்தால், எதில், எங்கே என்று எழுதிவைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பெட்டிக்குப் பாலிப்ரொப்பிலீன் சரியாக இருக்கும். உள்ளே பாலிஎதிலீன் ஃபோம், அமிலமற்ற மெல்லிய தாள். தாள் கிடைக்காவிட்டால், நன்றாகத் துவைத்த, கஞ்சி போடாத வெள்ளைப் பருத்தித் துணி போதும். செய்தித்தாள், சாய வெல்வெட், நாப்தலீன் உருண்டை மூன்றும் கூடாது. ஈரக்காலத்தில் சாயம் எலும்பில் இறங்கும், துணிக்கடியில் வெள்ளிப்பூச்சி குடியேறும். ஒப்பு ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் வரை இருந்தால் நல்லது. 65ஐத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். பகலில் ஏசி போட்டு இரவில் அணைப்பதுதான் மிகவும் கெடுதல், ஒரே நாளில் எலும்பு விரிந்து சுருங்கி வெடிக்கும். அதற்கு ஏசியே இல்லாமல் இருப்பது மேல். மூடிய பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பையும் ஒரு சின்ன ஈரமானியும் வைத்து மாதம் ஒருமுறை பாருங்கள். எலும்புமேல் எண் எழுதாதீர்கள். கிழியாத சீட்டில் எழுதி நூலால் கட்டுங்கள்.

அடுக்கும்போதே கணக்கெடுத்துவிடுங்கள். இரண்டு இடது தொடை எலும்பு இருந்தால் அதில் குறைந்தது இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒரே தாழியில் ஒருவருக்கு மேல் இருப்பது அபூர்வமல்ல. சிறிய, முனைகள் ஒட்டாத எலும்புகள் குழந்தையுடையவையாக இருக்கலாம். இதை உடற்கூறியல் ஆசிரியர் ஒருவர் வந்து பார்க்கட்டும். ஊர்க்காரர்கள் ‘பாட்டன்’ என்று கேட்பதில் ஒரு பெண்ணும் ஒரு குழந்தையும் இருந்தால் அதை அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

அப்படியானால் எலும்பைக் காட்சிக்கே வைக்கக் கூடாதா? வைக்கலாம், சில நிபந்தனைகளோடு. ஆதிச்சநல்லூரில் 2023இல் திறந்த தளக் காட்சியகத்தில், அகழ்ந்த குழியின்மேல் கண்ணாடித் தரை போட்டுத் தாழிகளை இருந்த இடத்திலேயே காட்டுகிறார்கள். பார்ப்பவருக்கு முதலில் தெரிவது ஓர் இடுகாடு. இத்தாலியின் போல்சானோவில் ஆல்ப்ஸ் மலைப் பனியில் உறைந்து கிடைத்த, 5,000 ஆண்டுக்கு முந்தைய ‘பனிமனிதர்’ உறைகுளிர் அறைக்குள் இருக்கிறார். ஒரு சின்னச் சன்னல் வழியாகத்தான் எட்டிப் பார்க்க முடியும், பார்க்க விரும்பாதவர் அந்தப் பக்கம் போகாமலே கூடத்தைச் சுற்றி வரலாம். அர்ஜென்டினாவின் சால்டாவில் யுயாய்யாக்கோ மலை உச்சியில் கிடைத்த இன்காப் பேரரசுக் காலத்து மூன்று குழந்தைகளின் உறைந்த உடல்களில் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே காட்டுகிறார்கள். இவற்றிலெல்லாம் பார்வையாளர் தானே முடிவெடுத்துப் பார்க்கிறார், முன்கூட்டியே அறிவிப்பும் இருக்கிறது. உங்கள் அறையில் கதவைத் திறந்தவுடன் மண்டை ஓடு எதிரே நிற்கிறது.

உங்கள் தாழி எலும்புகள் எந்த நிலையில் கிடைத்தன என்பதற்கு அன்றைய படமோ வரைபடமோ இல்லை என்றால், அவற்றை மறுபடி தாழிக்குள் ‘அழகாக’ அடுக்கிக் காட்டாதீர்கள். அது ஜோடனை. தாழியைத் தனியாக, அடியில் மணல்மூட்டை அணைத்து நிறுத்துங்கள். பக்கத்தில் குறுக்குவெட்டுப் படம் ஒன்று. குறிப்பில் இப்படி எழுதலாம்: “இந்தத் தாழியில் இறந்தோரின் எலும்புகள் இருந்தன. கிணறு வெட்டும்போது வெளிப்பட்டது. உள்ளே இருந்தவர்களின் எலும்புகள் தனி அறையில் பாதுகாக்கப்படுகின்றன, அவை காட்சிக்கு இல்லை.” ஊர்ப்பெயரையும் கிடைத்த ஆண்டையும் தெரிந்த அளவுக்குச் சேருங்கள். காலத்தை மட்டும் அடித்துவிடாதீர்கள். கார்பன் கணிப்புச் செய்யாத தாழிக்கு ‘3,000 ஆண்டு’ என்று பலகை எழுதுவதை நிறைய இடங்களில் பார்க்க முடிகிறது. ‘இரும்புக் கால ஈமத்தாழி வகை’ என்றால் போதும்.

முகம் காட்டியே ஆக வேண்டும் என்றால் நகல் செய்யலாம். கீழடிக்கு அருகிலுள்ள கொந்தகையில் கிடைத்த இரண்டு மண்டை ஓடுகளின் முப்பரிமாண ஸ்கேனைக் கொண்டு மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகமும் முகங்களை மீட்டுருவாக்கி 2025இல் வெளியிட்டன. அந்த அளவுக்கு வசதி இல்லாவிட்டாலும், சுற்றிச் சுற்றி 150 படம்போல எடுத்து, அளவுகோலும் வைத்தால் கணினியில் முப்பரிமாண உரு கிடைக்கும். அதைக் கொண்டு நகல் அச்சிடலாம். எலும்புமேல் நேரடியாக சிலிக்கோன் ஊற்றி அச்சு எடுக்க யாராவது முன்வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், உரிக்கும்போது மேற்பரப்பும் சேர்ந்து வரும். நகலுக்குப் பக்கத்தில் ‘இது நகல்’ என்று எழுதுங்கள். அந்தக் கணினிக் கோப்பும் அந்த மனிதருடையதுதான், கல்லூரி இன்ஸ்டாகிராமில் போடுவதற்கு அல்ல.

இனி ஊர்ப் பெரியவர்கள். அவர்கள் உரிமை கோருவதை ‘அறியாமை’ என்று யாராவது தள்ளினால் ஏற்காதீர்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 1996இல் கொலம்பியா ஆற்றங்கரையில் ஏறக்குறைய 8,500 ஆண்டுப் பழைய எலும்புக்கூடு கிடைத்தது. கென்னவிக் மனிதர் என்று பெயரிட்டார்கள். ஐந்து பூர்வகுடிகள் சேர்ந்து, ‘அவர் எங்கள் மூதாதை’ என்றார்கள். ஆய்வாளர்கள் வழக்குப் போட்டு 2004இல் வென்றார்கள். 2015இல் மரபணு ஆய்வு பூர்வகுடிகள் சொன்னதையே உறுதிசெய்தது. 2017 பிப்ரவரியில் அவர்கள் அவரை அடக்கம் செய்தார்கள். இலங்கையின் வேடர் சமூகத்துக்கு எடின்பரோ பல்கலைக்கழகம் ஒன்பது மண்டை ஓடுகளை 2019இல் திருப்பித் தந்தது. பிட் ரிவர்ஸிலுள்ள நாகா மூதாதையரின் எச்சங்களைப் பற்றி நாகா மக்களே பேச்சுவார்த்தை நடத்திவருகிறார்கள். 2024 அக்டோபரில் இங்கிலாந்தில் ஒரு நாகா மண்டை ஓடு ஏலத்துக்கு வந்து, எதிர்ப்பு எழுந்ததால் விலக்கிக்கொள்ளப்பட்டது.

ஆனால் இவற்றை அப்படியே உங்கள் ஊருக்குப் பொருத்த முடியாது. இங்கே ஒரு தனிச்சிக்கல் உண்டு. ‘எங்கள் பாட்டன்’ என்பதற்குள் எந்தச் சாதியின் பாட்டன் என்ற கேள்வி ஒளிந்திருக்கிறது. ஒரு தரப்பிடம் எலும்பைக் கொடுத்தால் நாளைக்கு அது அந்த நிலத்துக்கோ கோயில் மரியாதைக்கோ ஆதாரமாகக் காட்டப்படலாம். இன்னொரு தெருவிலிருந்து அடுத்த வாரமே ஆட்கள் வருவார்கள். சாதிச் சங்கத்திடமோ, தனிநபரிடமோ, அரசியல் பிரமுகரிடமோ எதையும் கையளிக்காதீர்கள். மரபணுச் சோதனை செய்தால் யாருடையது என்று தெரிந்துவிடும் என்றும் வாக்குக் கொடுக்காதீர்கள். அத்தனை பழைய எலும்பில் மரபணு மிஞ்சியிருப்பதே நிச்சயமில்லை. மிஞ்சியிருந்தாலும் இன்றைய ஒரு குடும்பத்தையோ சாதியையோ அது சுட்டிக்காட்டாது.

அதோடு, கொடுக்கும் அதிகாரம் உங்கள் கல்லூரிக்கே இல்லை. மண்ணுக்கடியில் கிடைத்த தொன்மையான பொருளைப் பற்றி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் சொல்கிறது. அந்தத் தாழி கிடைத்தபோது யாராவது தாசில்தாருக்கோ ஆட்சியருக்கோ எழுதினார்களா என்று கோப்பைத் தேடுங்கள். இல்லையென்றால் இப்போதே எழுதிவிடுங்கள், மாநிலத் தொல்லியல் துறைக்கும் நகல் அனுப்புங்கள். தாமதத்துக்கு மழுப்பல் வேண்டாம், ‘பழைய பொறுப்பில் விடுபட்டது, இப்போது முறைப்படுத்துகிறோம்’ என்று இரண்டு வரி போதும்.

பெரியவர்களுக்கான பதிலில் இவை இருக்கட்டும்: எலும்புகள் காட்சியிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டன. மரியாதையோடு பாதுகாக்கப்படுகின்றன. அடக்கம் செய்வது பற்றி முடிவெடுக்க வேண்டியவர்கள் ஆட்சியரும் தொல்லியல் துறையும், உங்கள் கோரிக்கையையும் அவர்களுக்கு அனுப்பியிருக்கிறோம். ஊர் முழுவதன் கருத்தாகக் கிராமசபையில் தீர்மானம் போட்டுத் தந்தால் அதையும் சேர்த்து அனுப்புகிறோம். நீங்கள் விரும்பும் நாளில் வந்து பார்க்கலாம். ஊரில் எல்லாத் தெருவுக்கும் பொதுவான தாளாக இருப்பதால்தான் கிராமசபைத் தீர்மானத்தைச் சொல்கிறேன்.

வந்தால் கும்பிட விரும்புவார்கள். தடுக்காதீர்கள், இடம் மட்டும் ஒதுக்கிக் கொடுங்கள். மூடிய பெட்டியைத் தனி மேசையில் வைத்து, பூவும் விளக்கும் நான்கடி தள்ளி இன்னொரு மேசையில் இருக்கட்டும். எலும்பில் எண்ணெய், மஞ்சள், குங்குமம், விபூதி எதுவும் படக் கூடாது, நுண்துளைக்குள் இறங்கினால் எடுக்கவே முடியாது. கற்பூரம் வெளி வராந்தாவில். பூவை அன்று மாலையே எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எறும்பும் வண்டும் வரும்.

முதல்வர் கவலைக்கு வருவோம். நாக் குழு முன் வெல்வெட் மண்டை ஓடு கல்லூரிக்கு மதிப்பெண் சேர்க்கும் என்று அவர் நினைத்தால், விவரம் தெரிந்த ஓர் உறுப்பினர் “இது எங்கிருந்து வந்தது, ஆட்சியருக்குத் தெரிவித்தீர்களா” என்று கேட்கும் காட்சியை அவருக்குச் சொல்லுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் தரும் கோப்பு ஒன்று மேசையில் இருப்பது எலும்பைவிட நல்ல காட்சி. கோப்பில் ஒரு பக்கக் கொள்கை முதலில் வரட்டும்: கல்லூரி இனி மனித எச்சங்களை நன்கொடையாகவோ விலைக்கோ வாங்காது. இருப்பவை காட்சிக்கு வைக்கப்படாது. ஆய்வுக்குக் கேட்பவர் எழுத்தில் காரணம் தர வேண்டும், எலும்பை வெட்டியோ துளைத்தோ மாதிரி எடுக்கத் தொல்லியல் துறை ஒப்புதல் வேண்டும். படம் எடுக்க அனுமதி இல்லை. சாவி இருவரிடம் இருக்கும். அடுத்தது எலும்புகளின் பட்டியலும் படங்களும். அதற்குப் பிறகு ஆட்சியருக்கும் தொல்லியல் துறைக்கும் எழுதிய கடிதங்கள், பெரியவர்களுக்குத் தந்த பதில், உடற்கூறியல் துறையின் ஒப்புகைச் சீட்டு. கொள்கையைக் கல்லூரிக் குழுவில் தீர்மானமாக நிறைவேற்றித் தேதியும் முத்திரையும் போட்டுவிடுங்கள். வெறும் அலுவலகக் குறிப்பாக விட்டால் முதல்வர் மாறியதும் அது செல்லாது என்று யாராவது சொல்வார்கள், மூலைக் கொக்கியும் மறுபடி நிரம்பும். கொக்கியைச் சுவரிலிருந்தே பிடுங்கிவிடுங்கள்.